செயினா, டயரா

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எனக்குத் தலைவலி, உன் மாமாவுக்கு நான். மற்றபடி இருவரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பூசி மெழுகாமல் எழுது.

போனில் கேட்கலாம்தான். உங்கள் கல்குவாரியில் மேட்டின் உச்சிக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அப்படி ஏறி நீ பேசினாலும் இரண்டாவது நிமிஷம் நாம் சண்டை பிடித்துப் போனை வைத்துவிடுவோம். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் சாமான் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் குட்டி லோடர் செத்துவிட்டது. எஞ்சின் போய்விட்டது, இனி செலவு செய்வது வீண் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். இடித்த வீட்டுக் கல்லையும் மண்ணையும் அள்ளிக் கொட்ட வண்டி இல்லாமல், மாமாவின் டிப்பர் வாசலில் வெயில் காய்கிறது. லோடரை ஓட்டிய ஆபரேட்டர் "அவசரம்" இருக்கிறானே, அவன் அவசரமாகவே வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். ஜூன் பத்தாம் தேதி பழைய பள்ளிக்கூடத்தை இடிக்கிறார்கள். இடிபாட்டை அள்ளுகிற வேலை நமக்கு. அதைச் சரியாகச் செய்தால் தொழில் நிற்கும். இல்லையென்றால் நானும் மாமாவும் ஆளுக்கொரு திசையில் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

புது லோடர் பார்க்கப் போனேன். டீலர் எடுத்த எடுப்பில், "செயின் போட்டதா வேணுமா மேடம்?" என்றார். நான் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் சொன்னார், சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு பக்கமும் அகலமான ரப்பர் பட்டை ஓடுகிற வண்டிக்குத்தான் செயின் வண்டி என்று பெயராம். இன்னொன்று நமக்குத் தெரிந்த டயர் வண்டி. இரண்டையும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டே புகழ்கிறார். எனக்கு மண்டை காய்கிறது. மாமாவிடம் கேட்டால், "உன் தம்பியக் கேளு" என்கிறார். மழை வருமா என்று கேட்டாலும் அதே பதில்தான்.

பள்ளிக்கூடத்தின் முன்பக்கம் சிமெண்ட் தரை, பின்பக்கம் தாழ்வான சேறு. நவம்பரில் உன் ஒப்பந்தம் முடிந்ததும் நீ வந்து ஓட்டப்போகிற வண்டி இது. நீயே சொல். செயினா, டயரா? ஒரே வார்த்தை போதும்.

உன் பதிலுக்காகத் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும்
அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தலைவலிக்கும் மாமாவின் தலைவலிக்கும் என் அனுதாபங்கள். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நின்றுகொண்டு எழுதுகிறேன். நாற்காலியைப் பக்கத்து அறை வெல்டர் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

டயர்.

ஒரு வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். ஆனால் உனக்குக் காரணம் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. நீ போகிற தெருவெல்லாம் தார், சிமெண்ட். அதில் ஓடி ஓடித் திரும்பினால் செயின் சீக்கிரம் தேயும். இடிபாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பி ரப்பரைக் கிழித்துவிடும். டயர் வண்டி வேகமாகப் போகும், பராமரிப்பும் குறைவு. காற்று அடிக்கிற டயர் வேண்டாம், உள்ளே முழுக்க ரப்பராக இருக்கிற கெட்டி டயர் கேள். ஆணி குத்தினாலும் அதற்கு உறைக்காது. பின்பக்கச் சேற்றில் பலகை போட்டு ஓட்டிக்கொள்ளலாம். நான்கு வருஷமாக நான் ஓட்டுவதும் கெட்டி டயர் வண்டிதான். இதில் குழம்ப ஒன்றுமே இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம். மழை வரும் என்று சொல்.

குழப்பம் தீர்த்த
தம்பி

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். நீ சொல்லி அனுப்பியபடியே மழை வந்துவிட்டது. அதுதான் இப்போது பிரச்சினை.

டயர்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். டீலர் ஒரு டயர் வண்டியை ஓட்டிப் பார்க்க இரண்டு நாள் கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் கொண்டுபோய் இறக்கினோம். கால் மணி நேரத்தில் சக்கரம் பாதி வரை புதைந்துவிட்டது. மாமா டிப்பரில் கயிறு கட்டி இழுத்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மெக்கானிக் "செயின்தான்" என்கிறார். தண்ணீர் லாரிக்காரர், "செயின் வாங்குனீங்கன்னா தினமும் சேறு சுரண்டுறதுக்கே ஒரு ஆள் வைக்கணும்" என்கிறார். பக்கத்து வீட்டுத் தையல்காரரும் ஒரு கருத்து வைத்திருக்கிறார். நான் பழையபடி குழம்பிப் போனேன்.

இன்னொரு விஷயம். நவம்பர் வரை ஓட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறார். நம்பகமானவர். உயரம் மட்டும் கொஞ்சம் குறைவு. பக்கெட்டைத் தூக்குகிற பெடலுக்கு அவர் கால் சரியாக எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தோம். அது சரிதானா? உனக்கு வெல்டரிடமிருந்து நாற்காலி திரும்பி வந்ததா?

சேற்றில் கால் வைத்து நிற்கும்
அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னி. உடம்புக்கெல்லாம் ஒன்றும் இல்லை. மருந்து மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. ஒரு மாறுதலுக்காக என்னை லாரிகளை நிறுக்கிற எடை மேடையில் சீட்டு எழுதப் போட்டிருக்கிறார்கள். மேசை உயரமானது, அதனால் நின்றே எழுதப் பழகிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். செயின் வாங்கிவிடு. சேறு என்று சொல்கிறாய் அல்லவா, செயின் பரவலாக அழுத்துவதால் புதையாது. அதைவிட முக்கியம், செயின் வண்டி குலுக்காது. ஓட்டுகிறவர் உடம்பும் ஒரு விஷயம்தானே அக்கா. டயர் வண்டி, அதிலும் கெட்டி டயர், ஒவ்வொரு கல்லையும் எலும்பில் கொண்டுவந்து சேர்க்கும்.

தலையணை வேண்டாம், நழுவும். சீட்டை முன்னால் தள்ளுகிற கொக்கி அடியில் இருக்கும். அந்த ஆளுக்கு அனுபவம் எத்தனை வருஷம்? யார் அவர்?

உன் நலனையே நினைக்கும்
தம்பி

ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

கொக்கி கிடைத்தது, கால் எட்டுகிறது. அதற்கு நன்றி. மற்ற எதற்கும் நன்றி இல்லை.

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பிப்ரவரியில் டயருக்கு ஐந்து காரணம் சொன்னாய். ஏப்ரலில் அந்த ஐந்தும் எங்கே போயின? தார் ரோடு செயினைத் தேய்க்காதா? கம்பி கிழிக்காதா? "ஓட்டுகிறவர் உடம்பு" என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவருகிறாய். அவசரம் இங்கே ஆறு வருஷம் ஓட்டினான். அவன் உடம்பைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதை எழுதியது நீதானா, அல்லது அந்த வெல்டரா?

புது ஆளைப் பற்றிக் கேட்டிருந்தாய். அனுபவம் குறைவுதான். கூச்ச சுபாவம். டீலரின் காலி மைதானத்தில் பழகுகிறார். இடது லீவரைத் தள்ளி வலது லீவரை இழுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றுமே, அது அவருக்குப் பிடித்துப் போய்விட்டது. ஆனால் நேராகப் போகச் சொன்னால் வளைந்து வளைந்து போகிறார். முன்சக்கரத்தையே பார்த்து ஓட்டுகிறார் என்று மாமா சொல்கிறார். அதற்கு என்ன செய்வது?

நீ நவம்பரில் கட்டாயம் வருகிறாய்தானே? உனக்கு எந்த வண்டி ஓட்ட ஆசை என்றாவது சொல். அதை வைத்தாவது முடிவு செய்கிறேன்.

கிறுக்குப் பிடிக்காமல் இருக்க முயலும்
அக்கா

மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியமே. நீயும் மாமாவும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் வேலைக்கு டயர். ஆனால் செயின் வாங்கினாலும் தப்பில்லை. முடிந்தால் நான் வரும்வரை எதுவும் வாங்காமல் இரு. நவம்பருக்கு முன்னாலேயே வந்தாலும் வருவேன். வராமலும் போகலாம். கம்பெனியில் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

அந்த ஆளிடம் சொல், சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். உனக்குச் சைக்கிள் பழக்கியபோது தொண்டை கிழியக் கத்தினேனே, அதேதான். நீ கேட்காமல் சாக்கடைக்குள் இறங்கினாய். அவராவது கேட்கட்டும்.

தம்பி

மே 19

அன்புள்ள தம்பிக்கு,

மாமா நலம். நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன்.

டயர், ஆனால் செயின், ஆனால் வாங்காதே. வருவேன், வராமலும் போகலாம். இதை யாரிடம் காட்டி அர்த்தம் கேட்பது? ஜூன் பத்தாம் தேதி நான் வெறும் கையால் செங்கல் பொறுக்கவா?

இன்னொன்றும் கேட்கிறேன். முதல் கடிதத்தில் நாற்காலியை வெல்டர் கொண்டுபோய்விட்டான். இரண்டாவதில் மேசை உயரம். மூன்றாவதில் காரணமே எழுதவில்லை, ஆனால் அதே கோணல் எழுத்து. அந்தக் குவாரி முழுக்க உட்கார ஒரு நாற்காலி கூடவா இல்லை? நாலு வருஷம் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தவன், மாறுதலுக்காகச் சீட்டு எழுதுகிறானாம். யாரிடம் கதை விடுகிறாய்?

உனக்கு என்ன ஆயிற்று? வண்டியைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இதற்குப் பதில் எழுது.

அக்கா

ஜூன் 2

தம்பிக்கு,

சாமான் லாரி வந்தது. டிரைவர் என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். கடிதம் எதுவும் இல்லை. "ஆளப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "பாத்தேன், நல்லா நின்னுக்கிட்டுதான் இருந்தாரு" என்றார். நீ நிற்பதுதான் எனக்குத் தெரியுமே.

நாளைக் காலை வண்டி வாங்கப் போகிறேன். யார் சொல்வதைக் கேட்டு வாங்குவேன் என்று இதை எழுதும்போதுகூட எனக்குத் தெரியாது. நீ திட்டினாலும் பரவாயில்லை, எழுது.

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதி எழுதிக் கை கூசுகிறது. இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன்.

ஜனவரியில் ஒரு நாள் வேலை முடிந்து வண்டியிலிருந்து இறங்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கியிருக்கிறதாம். பத்து நிமிஷம் உட்கார்ந்தால் வலி காலுக்கு இறங்குகிறது. நிற்கலாம், நடக்கலாம், படுக்கலாம். பிப்ரவரியில் நீ கேட்டபோது சீக்கிரம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அதனால் உண்மையான பதிலை எழுதினேன். மார்ச் கடைசியில் டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார். டயர் வண்டியில் இனி ஏறவே கூடாது. செயின் வண்டி என்றால் குலுக்கல் குறைவு, கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். அதுவும் அவர் உறுதியாகச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் உனக்குச் செயின் என்று எழுதினேன். உன் தொழில் கெட்டாலும் எனக்கு ஒரு சீட் வேண்டும் என்று நினைத்துவிட்டேன் அக்கா. எழுதி அனுப்பிய பிறகு வெட்கமாக இருந்தது. டயர் என்று மாற்றி எழுதினால் எனக்கு இடமில்லை, செயின் என்றால் உனக்கு நஷ்டம். அதனால்தான் அப்படி உளறினேன். உன் வேலைக்கு டயர்தான் சரி. இந்நேரம் வண்டி வாங்கியிருப்பாய், எனக்காகச் செயின் வாங்காமல் இருந்தால் சரி.

அந்தப் புது ஆள் யார் என்றும் தெரிந்துவிட்டது. முன்சக்கரத்தைப் பார்த்து ஓட்டுகிற ஒரே ஆளைத்தான் எனக்குத் தெரியும். அதோடு, உன் வாயில் எந்த ஆபரேட்டரும் இதுவரை "அவர்" ஆனதில்லை. எல்லோரும் "அவன்"தான். இந்த ஆளுக்கு மட்டும் மூன்று மாதமாக மரியாதை கொடுத்துக்கொண்டிருக்கிறாய். அவனா அவளா என்று நான் கேட்கக் கூடாது என்றுதானே?

எனக்குப் பயமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. எது அதிகம் என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் சத்தியம் செய். பக்கெட்டை மேலே தூக்கி வைத்துவிட்டு ஒரு நாளும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

நிற்கிற
தம்பி

ஜூன் 24

என் அன்புத் தம்பிக்கு,

சத்தியம் செய்தாயிற்று. இனி நீயும் ஒன்று செய், நலம் என்று பொய் எழுதாதே. வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று எழுது.

உன் கடிதத்தை டிப்பருக்குப் பின்னால் நின்று படித்து அழுதேன். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, டயர் பங்க்சரா?" என்றார். கெட்டி டயர் எங்கே பங்க்சர் ஆகும். பிறகு அவரிடமும் படிக்கக் கொடுத்தேன். நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆம், ஓட்டுவது நான்தான். கிடைத்த ஆபரேட்டர்கள் எல்லாம் ஒரு வாரம் கூட நிலைக்கவில்லை. ஒரு நாள் ஆத்திரத்தில் நானே ஏறி உட்கார்ந்தேன், இறங்க மனம் வரவில்லை. உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நீ சிரிப்பாய் என்று பயம் என மாமாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அது பொய். உன் சீட்டில் நான் உட்கார்ந்துவிட்டேன் என்று தெரிந்தால், எனக்கு அங்கே என்ன வேலை என்று நீ வராமலே இருந்துவிடுவாயோ என்று பயந்தேன். நீ உனக்கொரு சீட் பிடிக்கப் பார்த்தாய், நான் பிடித்த சீட்டை மறைத்தேன். நல்ல குடும்பம்.

வண்டிக் கதையைக் கேள். மூன்றாம் தேதி டீலரிடம் போய் ஒரு மணி நேரம் செயினா டயரா என்று உழன்றேன். மாமா வழக்கம்போலச் சுவரோரம் நின்றார். கடைசியில் வாயைத் திறந்தார். "டயர் மேலயே செயின மாட்ட முடியாதா?" என்று கேட்டார். டீலர் கூலாக, "மாட்டலாமே சார், அதுக்குன்னே தனியா ஒண்ணு வருது. இதுவரைக்கும் யாரும் கேக்கலயே" என்றார். நாலு மாதம் நான் எத்தனை பேரிடம் புலம்பியிருப்பேன். டயர் வண்டி வாங்கினேன், கூடவே டயர் மேல் மாட்டுகிற செயினும்.

தீர்ந்தது என்று நினைத்தாயா? இல்லை. மாட்ட ஒரு மணி நேரம், கழற்ற ஒரு மணி நேரம் ஆகிறது. மாட்டிக்கொண்டு முன்பக்க சிமெண்டில் ஓடினால் தேய்கிறது. கழற்றிவிட்டுப் பின்பக்கம் போனால் புதைகிறது. முந்தாநாள் மேலே காய்ந்திருக்கிறது என்று நம்பிச் செயின் இல்லாமல் இறங்கினேன், அடியில் ஈரம். அரை நாள் போயிற்று, இடிக்கிறவர்கள் முகம் சுளித்தார்கள். இன்னும் இரண்டு தரம் அப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு ஓட்டத் தெரிகிறது தம்பி, மண்ணைப் படிக்கத் தெரியவில்லை. மாமாவுக்கும் தெரியாது. தினமும் காலையில் ஒருவர் அந்த இடத்தை நடந்து பார்த்து, இன்றைக்குச் செயினா டயரா என்று சொல்ல வேண்டும். அது நடந்துகொண்டும் நின்றுகொண்டும் செய்கிற வேலை. இதை உனக்காக நான் கண்டுபிடித்ததாக நினைக்காதே. நம்பாவிட்டால் வந்து பின்பக்கத்தில் நான் தோண்டி வைத்திருக்கிற பள்ளத்தைப் பார்.

ஒரு அளவு மட்டும் அனுப்பு. செருப்பில்லாமல் நின்று கையை மடக்கினால், தரையிலிருந்து உன் முழங்கை எத்தனை அங்குலம்? பள்ளிக்கூடத்துப் பெஞ்சுப் பலகைகள் நிறையக் கிடைக்கின்றன. தச்சர் உயரம் கேட்கிறார். நம் ஆபீசில் நின்று எழுத ஒரு மேசை.

திங்கட்கிழமை பின்பக்கத்தின் மூலையை அள்ள வேண்டும். செயினா, டயரா?

சாக்கடையில் இப்போதெல்லாம் இறங்காத
அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

வலிக்கிறது. ஆனால் நேற்றைவிடக் குறைவு. இது பொய்யில்லை.

நாற்பத்திரண்டே கால் அங்குலம். வெல்டர்தான் அளந்தான். நாற்காலியைத் தூக்கிப்போனதாக அவன் மேல் பழி போட்டதைச் சொன்னேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது சமாதானம்.

கம்பெனியில் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது என்பதால் சாமான் லாரியில் பின்னால் காலி சாக்குகளை விரித்துப் படுத்துக்கொண்டு வரலாம் என்று டிரைவர் சொல்கிறார். இந்தக் கடிதமும் அதே லாரியில்தான் வரும். அதனால் இதை நானே உன் கையில் கொடுப்பேன். எதற்கு எழுதுகிறேன் என்று எனக்கே புரியவில்லை. நேரில் பார்த்தால் இரண்டாவது நிமிஷம் சண்டை வந்துவிடும், அதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

நான் வந்து உபயோகப்படுவேனா, உனக்கு இன்னொரு தலைவலியாக இருப்பேனா என்று இன்னும் குழப்பம்தான். அது தீரட்டும் என்று காத்திருந்தால் லாரி போய்விடும்.

மூலைக்குச் செயினா டயரா என்று கேட்டிருந்தாய். அந்தத் திங்கட்கிழமை தாண்டிவிட்டது, எப்படி அள்ளினாயோ தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமைக்கும் இங்கிருந்து சொல்ல மாட்டேன். மண்ணை மிதித்துப் பார்க்க வேண்டும்.

தம்பி